மணிக்கட்டில் ஒரு பொய்

தண்டர் பேயில் ஜனவரி, விடியப்புறம் நாலு பத்து,
மைனஸ் முப்பத்தொன்று.
அழைத்தது மனைவி, அவுனே.
குளியலறைக் கதவைச் சாத்தி, தண்ணீரைத் திறந்துவிட்டு,
அவருக்குக் கேட்காத குரலில்.

எங்களைக் கண்டதும் ரெய்னோ லாக்தி சொன்ன முதல் வார்த்தை
டாரியோவுக்கு: சப்பாத்தைக் கழற்று.

பனி அள்ளினாராம். களைத்ததாம். இருந்தாராம்.
அவ்வளவுதானாம்.

முதன்மை முறைப்பாடு என்ன என்று படிவம் கேட்கிறது.
எங்கள் பாஷையில் இதைவிட நல்ல கேள்வி உண்டு:
என்ன செய்யுது?
அழையாமல் வந்த ஆள் யாரோ
உள்ளே இருந்துகொண்டு எதையோ செய்வதுபோல.
ஆங்கிலத்தில் அதைக் கேட்க எனக்கு வரவில்லை.
ஒன்றிலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்றேன்.
மூன்று.
எட்டு வருடமாக இந்த ஊரில் வேலை செய்கிறேன்.
மூன்று என்று சொன்னவர்களை
ஓடித்தான் தூக்கியிருக்கிறோம்.

விரலில் கிளிப்பை மாட்டினேன்.
திரையில் எண் இல்லை, வெறும் கோடு.
விரல்கள் இன்னும் முற்றத்தில் நிற்கின்றன.
காதுமடலுக்கு மாற்றினேன்: எண்பத்தெட்டு.
நெற்றியில் மட்டும் வியர்வை.

பிறகு மணிக்கட்டு.
நாடி என்றால் எங்கள் வீட்டில் மோவாயும்தான்,
கெஞ்சுகிறபோது பிடிப்பது.
நூலாய் ஓடியது, நின்றது, தப்பிப் பிடித்தேன்,
நூற்றுப் பதினெட்டு.
கெஞ்சியும் இருப்பேன். நினைவில்லை.

எண்ணி முடிந்தும் கையை விடவில்லை.
பொய் இங்கேதான் தொடங்குகிறது.
மூச்சை எண்ணப்போகிறேன் என்று சொன்னால்
மூச்சு உடனே சட்டை மாற்றிக்கொண்டு வந்து நிற்கும்.
அதனால் நாடி பார்ப்பவள் போலவே குனிந்திருந்து
அவருடைய பைஜாமாவின் இரண்டாவது பொத்தானை
ஏறி இறங்க எண்ணினேன்.
அரை நிமிடத்தில் பதினாலு.

"நீ கடிகாரத்தைப் பார்க்கவில்லை,"
என்றார். கண்ணைத் திறக்கவில்லை.
"மாட்டுக்கு நாங்களும் இப்படித்தான்.
முதுகைத் தடவுகிற மாதிரி நின்று விலாவை எண்ணுவோம்."

அதற்குப் பிறகு அவர் மூச்சு விட்ட விதம்!
விளிம்புவரை நிறைந்த வாளியை
ஒரு சொட்டுத் தளும்பாமல் கொண்டுபோகிறவர் மாதிரி
மெள்ள, மெள்ள.
உதடு வெளுத்துக்கொண்டே வந்தது.
"இப்போ நல்லாத்தானே விடுகிறார்?"
அவுனே என்னைக் கேட்டாள்.
நான் கையுறையின் முதுகில் எழுதினேன்: இருபத்தெட்டு.

இதயக் கோடுகள் அச்சாகி வந்த தாளை
டாரியோ என் பக்கம் திருப்பினான். பேசவில்லை.
கீழ்வரிசையில் மூன்று இடங்களில்
தரையாக இருக்கவேண்டியது திட்டியாக எழும்பியிருந்தது.
ஆஸ்பிரினைச் சப்பக் கொடுத்தோம்.
தோடம்பழச் சுவை. குழந்தைப் பிள்ளைகளுடையது என்று முகம் சுளித்தார்.
பதினொரு படி. நாற்காலியில் கட்டி இறக்கினோம்.
பத்தாவதில் அவுனே அவர் தொப்பியைக் கொண்டு ஓடிவந்தாள்.

வண்டிக்குள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாம் மறுபடி.
தொண்ணூற்றிரண்டின் கீழ் அறுபது.
எண்பத்தெட்டின் கீழ், கீழெண் கேட்கவில்லை.
ஒவ்வொரு தடவையும் எவ்வளவு என்றார்.
ஒவ்வொரு தடவையும் சொன்னேன்.
"மூச்சு?"
"இருபத்தெட்டு."
"அது நான் பார்க்காதபோது எடுத்தது,"
தராசில் ஏமாற்றப்பட்டவர்போல் முறைப்பட்டார்.
அதன் பிறகு எதையும் கேட்கவில்லை.
எனக்கு அதுதான் பயம்.

இரட்டைக் கதவு அவரை வாங்கிக்கொண்டது.
என் வாயிலிருந்து எண்கள் வரிசையாகப் போயின,
தாதி ஒருத்தி எழுதினாள்.
கையுறையை உரித்துக் குப்பையில் போட்டேன்,
இருபத்தெட்டு உட்பக்கமாகப் புரண்டு மறைந்தது.

வெளியே டாரியோ வண்டியில் சாய்ந்து
கோப்பி ஆறட்டும் என்று நிற்கிறான்.
இந்தக் குளிரில் யாராலும் மூச்சை ஒளிக்க முடியாது,
புகையாக வந்து முன்னால் நிற்கிறது.
கிடைத்த எல்லா விளக்குகளிலும் அது தெரிகிறது.
என்ன பார்க்கிறாய் என்றான்.
ஒன்றுமில்லை என்றேன்.
ஒரு முழு நிமிடத்துக்குப் பதினாலு.