இடது முன்பக்கம்

படகு ஒட்டுகிற கொட்டகைக்கு
ஒரு கார் வந்தது,
தேவனாம்பட்டினம் மணலில் பாதிச் சக்கரம் புதைய.

புதுச்சேரி வண்டி. ஓட்டி வந்தவர் அர்லேத்.
கார் பெயர் டால்பின் என்றார்.
நாங்கள் ஓங்கில் என்போம்.
வலையில் சிக்கினால் அறுத்துவிட்டுக் கும்பிடுவோம்.
வில்லியனூரில் மூன்று டிங்கர், அரியாங்குப்பத்தில் ஒருவர்,
தட்டிப் பார்த்து
இது தகரமே இல்லையே என்று கைவிரித்தார்களாம்.

விளக்குக்குக் கீழே ஒரு முழம் விரிசல்.
கரும்பு டிராக்டர் பின்வாங்கியதில்.
"அண்ணன் வண்டி.
நாற்பது வருஷமா ஒரு கீறல் இல்லாம வச்சிருந்தாரு"
என்றார். நம்பினேன்.
நம்பாமல் இருக்க எனக்கென்ன.

விரிசலை முன்னாலிருந்து பூசுகிறவன் ஏமாற்றுக்காரன்.
பின்னாலிருந்து போக வேண்டும்.
முழுக்கைச் சட்டை, மூக்கில் துண்டு,
மல்லாந்து படுத்து கிரைண்டரைப் போட்டேன்.
கண்ணாடித் தூள் பனிபோல் இறங்கும்.
ராத்திரி முழங்கை மடிப்பில் முள்ளாய் முளைக்கும்.
வெந்நீர் ஆகாது, இன்னும் உள்ளே போகும்.
பச்சைத் தண்ணீர்தான்.

சேறு போனது, கறுப்புப் பெயின்ட் போனது.
அப்புறம் நீலக் கட்டம்.

நிறுத்தினேன்.

ரெசினுக்குள் உறைந்து கிடந்தது
ஒரு லுங்கித் துண்டு.
மேட் தீர்ந்த நாளில் கட்டியிருப்பதைக் கிழித்து
முக்கி ஒட்டுகிறவன்
இந்தக் கரையில் ஒருத்தன்தான்.
அஞ்சாபுலி. என் கூட்டாளி.
எட்டுப் படகு வசூலை மடியில் கட்டிக்கொண்டு
மல்பேக்குப் போனவன்.
ரோலர் கையில் இருந்தாலும்
ஓரத்தை மூன்று விரலால்தான் அழுத்துவான்.
இதோ மூன்று பள்ளம்.
என் விரலை வைத்துப் பார்த்தேன்.
எனக்குப் பெரிது.

அப்படியானால் இந்த வண்டி முன்பே இங்கு வந்திருக்கிறது,
நான் இல்லாத ஒரு பகலில்.
அந்தக் கூலியும் கணக்கில் வரவில்லை.

சுத்தியல் காம்பால் தட்டினேன்.
விட்டுப்போயிருந்தால் பொத்தென்று சொல்லும்.
டங் என்றது.
இன்னும் பலமாகத் தட்டினேன்,
தேவைக்குக் கொஞ்சம் மேலேயே.
டங்.

முறைப்படி சுரண்டி எடுக்க வேண்டும்.
துணி துணிதான், கண்ணாடி கண்ணாடிதான்.
வெளியே அர்லேத் கருவாட்டு நிழலில் நின்று
"மன்னிச்சுக்கோண்ணா, முதல் கீறல் நான் போட்டுட்டேன்"
என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.
அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ.

கடல் பக்கம் கறுத்து வந்தது. ஈரக்காற்று.
கோபால்ட் கலந்த ரெசினில்
நூற்றுக்கு இரண்டு கேட்டலிஸ்ட் சொட்டிவிட்டால்
பத்து நிமிஷம். டப்பா சுட ஆரம்பித்தால்
யோசிக்க நேரம் கிடையாது.
சொட்டினேன்.

மூன்று மேட், ஒன்றைவிட ஒன்று அகலம்.
பிரஷ்ஷால் குத்திக் குத்திக் காற்றை விரட்ட
வெள்ளை தெளிந்து
அடியில் நீலக் கட்டம் தெரிந்தது.
மேலே இன்னொன்று போட்டேன்.
இன்னும் தெரிந்தது.

உப்புத்தாள், புட்டி, மறுபடி உப்புத்தாள், பெயின்ட்.
வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமில்லை.
பில்லில் மேட் மூன்று என்றே எழுதினேன்.
"உள்ள வேற எதாவது அடி?" என்றார்.
"கெட்டியா இருக்கும்மா."

இரண்டு நாள் முழங்கை அரித்தது.
என் கண்ணாடி எது, அவன் கண்ணாடி எது,
யார் பிரிப்பது.
பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே
மல்பே நம்பர் யாரிடம் இருக்கும் என்று யோசித்தேன்.
எட்டுப் படகு வசூலைக் கேட்கத்தான்.
வேறெதற்கு.