படிக்கட்டில் குதிரை

தையற்காரர் அங்குஸ்தான் அளவுதான் இருக்கும்.
பாதி தங்கம், பாதி பிளாட்டினம்.
அடியில் எண்பது துளை,
தலைமுடி நுழையாது.
ராத்திரி ஷிப்டில் அதை நுண்ணோக்கியில் வைத்து
அடைத்த துளையைத் தேடுவது என் வேலை.

ஆலைக்கு ஸ்புரூஸ் மரம்
வெள்ளை அட்டையாக வந்து சேரும்.
காரத்தில் ஊறும். பல்சக்கரத்தில் நொறுங்கும்.
பிறகு ஓஸ்மோவின் கூடத்தில்
மூடிய பீப்பாய்க்குள் கந்தகத் திரவத்தோடு புரண்டு
ஆரஞ்சு நிறத்தில் வெளியே கொட்டும்.
அதைக் கரைத்தால் தேன்,
ஈ மொய்க்காத தேன்.

அந்தத் தேன் என் எண்பது துளை வழியே
அமிலத் தொட்டிக்குள் இறங்கும்போது
ஏறிய கந்தகமெல்லாம் கழன்றுவிடும்.
கையில் வருவது
பழைய மரச்சத்தேதான், இழையாக.
"ஊர் சுற்றப் போனவன்
மீசையை மழித்துக்கொண்டு திரும்பின மாதிரி" என்பார்
போர்மன் கவுக்கோ.
கழன்ற கந்தகம் எங்கே போகிறது என்று
அவர் சொன்னதில்லை.
நூற்புக் கூடத்துப் பெண்கள்
உருளைக்கிழங்கு வில்லைகளைக் கண்ணில் கட்டிக்கொண்டு
பகலில் படுத்திருப்பார்கள்.

பிப்ரவரியில், ஏரி உறைந்து கிடந்த வாரம்,
படிக்கட்டில் குதிரை நிற்கிறது என்றான் ஓஸ்மோ.
வெள்ளை. மூக்கு ஈரம்.
சுவரோடு ஒட்டி
அதற்கு வழிவிட்டு இறங்கினான்.
ஆலை டாக்டர் அவன் வாயை மோந்துவிட்டு
குடி என்று எழுதினார்.
இவர் குடிப்பதில்லை என்றேன்.
அதை எழுதவில்லை.

ஷிப்ட் முடிவில் எங்கள் பைகளைக் கொட்டிப் பார்ப்பார்கள்.
நாற்பத்தெட்டு தங்கமூக்கு போனது,
நாற்பத்தெட்டு வந்தது, கையெழுத்து.

ஏப்ரலில் அவனை மரக்கிடங்குக்கு மாற்றினார்கள்.
பனி உருகிய சேற்றில் நின்று
இன்னும் மரமாகவே இருக்கும் மரத்தை
நாளெல்லாம் அடுக்கினான்.
சோறு இறங்கியது. தூக்கமும் வந்தது.

நடுக்கோடை இரவுக்கு
ஆலை கொடுத்த துணியில் கவுன் தைத்தேன்.
நீல நிறம்; உட்கார்ந்தால் வழுக்கும்.
ஓரத்தை விரலில் உருட்டிப் பார்த்தவன்
"ஸ்புரூஸா?" என்றான்.
ஸ்புரூஸ்தான்.
முகர்ந்தும் பார்த்தான்.
ஒரு வாசனையும் இல்லை.

நடனத்துக்குக் கிளம்பினோம்.
வெளியே பத்து மணி வெயில்.
குதிரை போய்விட்டதா என்று கேட்டேன்.
எப்பவோ போய்விட்டது என்றான்.
சொல்லிக்கொண்டே
மூன்றாம் படியில் சுவரோடு ஒதுங்கினான்.

கவுனைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்து
நானும் ஒதுங்கினேன்.