விழித்திருந்தவர் கணக்கு

பறவைக் காய்ச்சல் மாதங்களில்
புளியரைச் சாவடியில் எனக்கு இரவுப் பணி.
முதுகில் மருந்துத் தொட்டி, கையில் குழாய்.
கேரளாவிலிருந்து எது வந்தாலும்
ஆறு சக்கரமோ பத்துச் சக்கரமோ
நனைத்துத்தான் விட வேண்டும்.
கோழி என்றால் திருப்பி அனுப்பு.
மீன் பெட்டி என்பார்கள்,
மூடியைத் திறந்தால் ஆஸ்பத்திரிக் கழிவு,
ஊசி, பஞ்சு, ரத்தம் ஊறிய துணி.
மணி மூன்றுக்கு மேல்
மூடி திறக்க எவனுக்குத் தெம்பு இருக்கிறது?
கையைக் காட்டுவோம். போகும்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால்
திருவனந்தபுரத்தில் டாக்டர் ஜிஷா
என் குடலைப் பற்றிச் சொன்னது
எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது.
முப்பிடாதிக்குத்தான் விளங்கவில்லை.

வெட்டியெடுத்த ஒரு சாண் குடலை
மெழுகில் பதித்து
வெங்காயச் சருகைவிட மெலிதாய்ச் சீவி
எங்கேயோ அனுப்பியிருந்தார்கள்.
ஆறு வாரம் கழித்து வந்தது பதினோரு பக்கம்.

கட்டிக்குள் உங்கள் காவல் செல்கள் போயிருக்கின்றன,
நிறையவே போயிருக்கின்றன என்றார்.
முப்பிடாதி என் கையைப் பிடித்தாள்.
போனது பெரிதில்லை,
போய் என்ன செய்துகொண்டிருந்தன
என்பதுதான் கேள்வி என்றார்.

ஒவ்வொரு செல்லுக்குள்ளும் முழுப் புத்தகம் உண்டாம்.
எந்தப் பக்கம் திறந்திருக்கிறது,
அதைப் பார்த்து எத்தனை சீட்டு எழுதியிருக்கிறது,
அந்தச் சீட்டுகளைத்தான் எண்ணியிருக்கிறார்கள்.
பேரெல்லாம் லாரி நம்பர் மாதிரி
எழுத்தும் எண்ணும் ஒட்டிக்கொண்டு.
கொல்லச் சொல்லும் சீட்டு கொஞ்சம்.
போதும் என்கிற சீட்டு அதிகம்.

தூங்கிவிட்டார்களா என்று கேட்டேன்.
இல்லை, நிற்கிறார்கள்,
கண்கூடத் திறந்துதான் இருக்கிறது.
ரொம்ப நாளாய் ஒரே முகத்தைப் பார்த்துப் பார்த்துக்
கை ஓங்க மறந்துவிட்டது.

பேச்சிமுத்துவை நினைத்துக்கொண்டேன்.
குழாயைப் பிடித்தபடி நின்றுகொண்டே உறங்குவான்.
தொட்டி தீர்ந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்,
வெறும் காற்று வரும்,
அதையும் ஒழுங்காய்ச் சக்கரத்துக்கு நேரே பிடிப்பான்.
ஒருமுறை அவன் மேல் எழுதிக் கொடுத்தேன்.
இரண்டு நாள் சம்பளம் பிடித்தார்கள்.
அவன் அதற்கு முன் நான்கு இரவு
மாற்றாள் இல்லாமல் நின்றவன்.
அதை நான் எழுதவில்லை.

எழுப்புகிற மருந்து ஒன்று இருக்கிறதாம்.
என் வகைக்கு அது கேட்பது சந்தேகமாம்.

பிறகு அந்த எண்.
இப்படிச் சீட்டு வந்த நூறு பேரில்
அறுபத்தொரு பேர் ஐந்து வருஷம் தாண்டுகிறார்கள்.
"அந்த நூறு பேரும் எந்த ஊருக்காரவுக?"
முப்பிடாதிதான் கேட்டாள்.
பெரும்பாலும் குளிர் தேசத்தார்.
"நம்மள மாதிரி புளிக்கொழம்பு திங்கிறவுகளா?"
நான் சிரித்துவிட்டேன்.
டாக்டர் சிரிக்கவில்லை.
பேனாவை மூடி வைத்தார்.
"அறிஞ்சூடா" என்றார், தன் பாஷையிலேயே.
அந்தப் பதினோரு பக்கத்தில் இல்லாத
ஒரே சொல் அதுதான்.

தென்மலை தாண்டும்போதே சாரல்.
ஆரியங்காவு இறக்கத்தில் வயிற்றுப் பையை
ஒரு கையால் தாங்கிக்கொண்டேன்.
முப்பிடாதி அறுபத்தொன்றிலிருந்து ஆரம்பித்து
விரலில் ஏதோ எண்ணிக்கொண்டே வந்தாள்,
முப்பத்தொன்பதின் பக்கம் போகவே இல்லை.

புளியரையில் பஸ் நின்றது.
முதுகில் தொட்டியோடு பேச்சிமுத்து.
என்னைப் பார்க்கவில்லை.
குனிந்து முன் சக்கரம், நடந்து பின் சக்கரம்,
குழாயின் சீறல் கேட்டது.

ஜன்னல் வழியே தலையை நீட்டிப் பார்த்தேன்,
வருவது மருந்தா வெறும் காற்றா என்று.

சாரல் விடவில்லை.
டயர், ரோடு, அவன் சட்டை
எல்லாமே நனைந்திருந்தன.