மே மாதத்து விறகு

டிராக்டர் வந்து முற்றத்தில் கொட்டிவிட்டுப் போனது
மே பதினான்காம் தேதி.
ஏழு கன மீட்டர் பிர்ச், பிளந்தது, பச்சை.
ரசீதைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினாள் தூலிக்கி.
அடுக்கும் வேலையை
வார இறுதியில் ஒட்டினாள்.

வார இறுதிகள் தவறாமல் வந்தன.
முதலாவதில் மழை.
அடுத்ததில் மழை இல்லை, அதனால் ஏரி.
அதற்கடுத்ததில் இடுப்பு.
ஜூன் மாதத்துக் குஹ்மோவில்
இரவு பதினோரு மணிக்கும் வெயில் வாசலில் நின்று
இப்போதுகூடச் செய்யலாமே என்றது.
இவ்வளவு வெளிச்சம் கிடக்கிறது,
என்ன அவசரம் என்றாள்.

சோம்பேறி என்று யாரும் அவளைச் சொல்ல முடியாது.
பள்ளிச் சமையலறையில்
முந்நூறு பிள்ளைகளுக்கு வியாழன்தோறும் பட்டாணி சூப்.
பதினேழு வருடத்தில்
ஒருநாளும் பத்து நிமிடம் பிந்தியதில்லை.
அடுத்தவர் பசிக்கு ஓடுகிற கால்
தன் குளிருக்கு
நகரமாட்டேன் என்றது.

எதிர்வீட்டு யார்மோவின் விறகு
அச்சடித்த வரிகளைப் போல நின்றது.
அவன் எதுவும் சொல்லவில்லை.
அதுதான் தொல்லை.

ஜூலையில் நீலத் தார்ப்பாய் வாங்கிக்
குவியலுக்குப் போர்த்தினாள்.
பிறகு பின்கதவு வழியாகவே
வேலைக்குப் போய்வந்தாள்.

ஆகஸ்டில் காணொளிகள்.
வட்டமாக அடுக்குவது எப்படி,
பட்டை மேலே இருக்க வேண்டுமா, கீழேயா.
கையுறை வரவழைத்தாள்.
சதுரக் காகிதத்தில் வரைபடம் போட்டாள்.
வரைபடம் அழகாகவே வந்தது.
அழகான திட்டம்
முடித்த வேலையைப் போலவே மனதைக் குளிர்விக்கும்.
வீட்டைச் சூடாக்காது.

கொட்டகையில் சுள்ளிக்கு வைத்திருந்த சாக்குகள் காலி.
அவளிடம் இருந்த மற்ற சாக்குகள்
வாய் கட்ட முடியாமல் வழிந்தன.

செப்டம்பர் கடைசியில் முதல் உறைபனி.
அன்றும் அவள் எந்த முடிவும் எடுக்கவில்லை.
கார் டயருக்கடியில் ஒரு கட்டை உருண்டு கிடந்தது.
குனிந்து எடுத்தாள்.
திரும்பக் குவியலில் எறியக்
கை ஏனோ மறுத்தது.
கொட்டகைக்குள் கொண்டுபோய் வைத்தாள்.
அத்தனை பெரிய தரையில்
ஒற்றைக் கட்டை பார்க்கச் சிரிப்பாக இருந்தது.
துணைக்கு இன்னொன்று.
இரண்டும் ஆடின, முட்டுக்கு மூன்றாவது.

அவ்வளவுதான் அன்றைக்கு.
உள்ளே போய் ஷூவைக்கூடக் கழற்றாமல்
காப்பி குடித்தாள்.

மறுநாள் காப்பி இறங்கும் நான்கு நிமிடத்தில்
ஒன்பது.
அதற்கு மறுநாள் பதினாறு.
வெள்ளிக்கிழமை ஒன்றுகூட இல்லை.
தன்னைத் திட்ட வாயெடுத்து,
சூப் பானை கழுவிய கையைப் பார்த்து,
விட்டுவிட்டாள்.
சனிக்கிழமை நான்கு.
வரைபடம் எங்கே போனதென்று
இன்றுவரை தெரியாது.
வரிசை கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தது.
சாய்ந்துகொண்டே வளர்ந்தது.

ஒரு மாலை வேலியருகே யார்மோ வந்து நின்றான்.
"ஈரமோ?"
"கொஞ்சம்."
தலையசைத்துவிட்டுப் போனான்.
அந்த வருடத்தில் அவர்கள் பேசிய
நீளமான பேச்சு அது.

அக்டோபர் பத்தொன்பதில் பனி முந்திக்கொண்டது.
தார்ப்பாய்க்கடியில் மூன்றிலொரு பங்கு
மிச்சம்.
முன்பானால் அதையே பிடித்துக்கொண்டு
எல்லாம் போச்சு என்று உட்கார்ந்திருப்பாள்.
இப்போது மண்வாரியை வாசலிலேயே சாத்திவைத்தாள்.
தினம் இரண்டு, சில நாள் மூன்று,
தோண்டியெடுத்து
அடுப்பருகே உலர்த்தினாள்.
ஜனவரியில் இருபத்தெட்டுக்குக் கீழே போன இரவில்
ஈர பிர்ச் சீறியது, புகைந்தது,
முனகிக்கொண்டே எரிந்தது.

மார்ச்சில் டிராக்டர்காரர் தொலைபேசியில் கேட்டார்,
இந்த வருடமும் ஏழு தானே?
ஜன்னல் வழியே பார்த்தாள்.
நீல மூலை ஒன்று
பனிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"ஆறு போதும்" என்றாள்.
பேசிக்கொண்டே
ஒரு காலை ஷூவுக்குள் நுழைத்தாள்.