நாற்பத்தேழாவது நிமிடம்

பாவ்ட்சன் நகரில், ரொட்டிக்கடைக்கு மேலே,
ஜன்னலுக்குப் போர்வை மாட்டிய அறையில்
ஓநாய்களுக்குத் தமிழ் எழுதிக்கொண்டிருக்கிறேன்.
வரிக்கு முப்பத்தாறு எழுத்து.
மீறினால் பெட்டி சிவக்கும்.

இயக்குநர் வீப்கெ சொல்லியனுப்பியிருக்கிறாள்:
“அது தாய். அகதி.
நூற்றைம்பது வருஷம் கழித்து வீடு திரும்பியவள்.
அந்தக் குரலில் எழுது.”
‘அகதி’யை எடுத்துவிட்டேன்.
இந்தத் தெருவில் அந்தச் சொல்லை
யாரும் இத்தனை நீள லென்ஸ் வைத்துப் பார்த்ததில்லை.

வீப்கெ சிறுமியாய்ப் புரட்டிய கதைகளில்
ஓநாயின் வயிற்றுக்குள் எப்போதும் யாராவது இருந்தார்கள்.
கத்தரிக்கோலால் கிழித்து வெளியே எடுத்து
கல் நிரப்பித் தைத்தார்கள்.
அவளே சொன்னதுதான், சிரித்துக்கொண்டு.

நான் கொண்டுவந்த ஓநாய் வேறு.
எங்கள் ஊர்ப்பக்கம் அதைப் பார்த்தவர் எவருமில்லை.
தேர்தலுக்குத் தேர்தல் மட்டும் வரும்,
ஆடு நனைகிறதே என்று அழ.
மைக் பிடித்தவர் பெயர் சொல்லாமல் நிறுத்துவார்,
கூட்டம் பெயரைச் சொல்லிச் சிரிக்கும்.
‘ஓநாய்’ என்று தட்டியதுமே
பக்கத்தில் நிற்க மறுக்கிறது ‘தாய்’.

யான் க்ராவ்ட்சிக் பதினோரு நிமிடம் வருகிறார்.
சோர்பிய மொழியில் ஆடுகளை எண்ணி
ஜெர்மனில் நஷ்டஈட்டுப் படிவம் நிரப்புகிறவர்.
“நகரத்தில் டிக்கெட் வாங்கி அழுகிறார்கள்.
என் பட்டியில் செத்தது ஒன்பது.
அதற்கு யாரும் டிக்கெட் வாங்கவில்லை.”
பெட்டி சிவந்தது.
கடைசி வரியை வெட்டினேன்.
மனம் கேளாமல் நகரத்தை வெட்டி
அதைத் திரும்ப ஒட்டினேன்.

ஊளையைப் பற்றி டெட்லெஃப் ஒப்புக்கொண்டுவிட்டான்.
நாற்பது இரவு மைக் வைத்தும் அது வாய் திறக்கவில்லையாம்.
படத்தில் நாம் கேட்பது
அவன் மச்சான் வீட்டு நாய்,
மூன்று அடுக்காக, கொஞ்சம் கிணற்று எதிரொலியோடு.
அதற்கும் எழுதியாக வேண்டும்: [ஓநாய் ஊளை].

பிப்ரவரியில் நெடுஞ்சாலையில் ஒன்று அடிபட்டது.
பெர்லினில் அறுத்துப் பார்த்தார்கள்.
மான் எலும்பு. முடி. ஒரு பிளம் கொட்டை.
உள்ளே யாரும் இல்லை.
கல்லும் இல்லை.
படம் கனத்துவிடும் என்று
வீப்கெ அதைச் சேர்க்கவில்லை.

நாற்பத்தேழாவது நிமிடம்.
மூடிக்கிடக்கும் நிலக்கரிச் சுரங்கத்தின் விளிம்பு. மழை.
க்ராவ்ட்சிக்கின் ஆடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்க,
வேலிக்கு அப்பால் பிர்ச் மரத்தடியில்
அது.

பழமொழி முழுசாக விரல்நுனிக்கு வந்துவிட்டது.
பெட்டிக்குள் அடங்கவும் அடங்கும்.
திருச்சியில் தியேட்டர் கைதட்டும், தெரியும்.

நான்கு முறை பின்னோக்கி ஓட்டினேன்.
ஆடு நனைகிறது.
ஓநாயும் நனைகிறது.
ஒரு தடவை காதை உதறியது,
அவ்வளவுதான்.

[மழை] என்று மட்டும் தட்டிவிட்டு
ரொட்டி வாங்கக் கீழே இறங்கினேன்.
குடை எடுக்கவில்லை.