இடப்பக்கம், வலப்பக்கம்

நோட்டின் இடப்பக்கம் செவிலி கேட்டது:
தேதி, நேரம், காய்ச்சல், மூச்சு.
வலப்பக்கத்தை யாரும் கேட்கவில்லை,
அது நானாகத் தொடங்கியது.

மே ஒன்பது. விடியற்காலை மூன்று பத்து.
அலீரோவுக்கு முப்பத்தொன்பது புள்ளி நான்கு.
மில்லராய்க்குச் சுரம் இல்லை, இழுப்பு மட்டும்;
நிமிஷத்துக்கு நாற்பத்தாறு மூச்சு.
இரண்டு தடவை எண்ணினேன்,
முதல் தடவை தப்பாக எண்ணியிருப்பேன் என்ற ஆசையில்.

அதே நாள், எதிர்ப்பக்கம்:
"உனக்கு மட்டும்தான் பிள்ளைகளா, எதிதா?"
கேட்டவர் பாரியெந்தோஸ், மேற்பார்வையாளர்.
கேட்ட இடம், எல்லோரும் நிற்கும் வரிசை.
நான் பதில் சொல்லவில்லை.
அதையும் எழுதினேன்.

கெயோனில் மழை நின்றால்தான் செய்தி.
விறகு ஈரம். ஈர விறகு புகையும்.
புகை ஆகாது என்கிறார் டாக்டர்,
குளிர் ஆகாது என்கிறார் அதே டாக்டர்.
அடுப்புக் கதவை ஒரு விரற்கடை திறந்து,
மூடி,
திறந்து,
இரண்டு ஆகாதவற்றுக்கு நடுவே
ஓர் இரவை எப்படி நகர்த்துவது என்று
மருந்துச் சீட்டில் இல்லை.

ஆறு வருஷம் முள் எடுக்கும் வரிசையில் நின்றவள் நான்.
கண்ணை மூடிக்கொண்டு சால்மன் துண்டைத் தடவினால்
எத்தனை முள், எது வளைந்தது, சொல்வேன்.
படகேறி நீரிணை தாண்டி
புவெர்த்தோ மொந்த் ஆஸ்பத்திரியில்
பிள்ளைகளோடு நான்கு நாள் இருந்துவிட்டுத் திரும்பினால்
என் இடத்தில் வேறொருத்தி, என் இடுக்கியோடு.
எனக்கு ஐஸ் அறை, ஒரு மண்வாரி.
"தற்காலிகம்" என்றார்கள்.
தற்காலிகத்துக்கு வரும் வியாழன் ஐந்து மாதம்.

பாரியெந்தோஸின் மச்சான் நிபால்தோ
மூன்று நாள் மட்டி பொறுக்கப் போனான்.
அவன் வருகைப்படி குறையவில்லை.
எனக்குக் குறைந்ததில்
ஒரு மாத இன்ஹேலர் வாங்கலாம், ரொட்டியும் வாங்கலாம்.
இதை எழுதிவிட்டு அடித்தேன்.
அவன் மகளும் என் மகளும் ஒரே பெஞ்சு.
அடித்ததன் மேல் மறுபடி எழுதினேன்.
பெஞ்சு வேறு, படி வேறு.

ஜூன் இருபது, சாயங்காலம்.
எச்சரிக்கைக் கடிதம் வந்த நாள்.
காரணம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில்
ஒரே ஒரு வரி இடம் விட்டிருந்தார்கள்.
அதைப் பார்த்தபடியே
இருமிக்கொண்டிருந்த பையனிடம் கத்தினேன்:
"கொஞ்ச நேரம் சும்மா இரேன்!"
அவன் வாயைப் பொத்திக்கொண்டான்.
தோள் மட்டும் குலுங்கியது.
இதை எந்தப் பக்கம் எழுத?
நடுக்கோட்டின் மேல் எழுதினேன்,
எனக்கே தெரியாத அளவு பொடி எழுத்தில்.

மறுநாள் வாசலில் ஒரு மூட்டை காய்ந்த விறகு.
நோர்மாவின் கோணி, நோர்மாவின் முடிச்சு.
ஆலையில் அவள் என்னைப் பார்க்கவே இல்லை,
பார்த்தால் அவளுக்கும் மண்வாரி.

காஸ்த்ரோவில் தொழிலாளர் அலுவலகம்.
கண்ணாடி போட்ட பெண் நோட்டைப் புரட்டினாள்.
"முப்பத்தொன்பது புள்ளி நான்கு, இது?"
"பையன்."
"இது?"
"மேற்பார்வையாளர்."
அவள் சிரிக்கவில்லை.
நாற்பத்தோரு தாளையும் நகல் எடுத்தாள்.
இயந்திரத்திலிருந்து தாள்கள் சூடாக வந்தன.
அடுக்கித் தருகிறேன் என்று வாங்கி
தேவைக்கு மேல் கொஞ்ச நேரம்
கையில் வைத்திருந்தேன்.
விரல் நுனிகள் எரிந்து, பிறகு
என்னுடையவை ஆயின.
"முடிவு வர நாளாகும்."
"எண்ணத் தெரியும்" என்றேன்.

இன்று ஞாயிறு. ஆலை இல்லை.
இடப்பக்கம்: முப்பத்தேழு. இருபத்தெட்டு மூச்சு.
வலப்பக்கம் எழுத ஒன்றுமில்லை என்று திருப்பினால்
மில்லராய் அங்கே பென்சிலால்
ஒரு மீன் வரைந்திருக்கிறாள்,
ஒரு முள் விடாமல்.