ஐந்து ரூபாய் லாபம்

மகள் நீட் வகுப்புக்குப் போனதும்
கேஸியோ கீபோர்டு கட்டிலுக்கடியில் போனது.
ஏழாயிரம் என்று போட்டு
மூன்று படம் ஏற்றினேன்.
விளக்கேற்றி முடிப்பதற்குள் போன்.

ஜெய்ஹிந்த் மேடம் என்றான்.
பட்டாளத்தில் இருக்கேன், ஜம்மு எல்லை,
தங்கச்சி வேலூர்ல நர்ஸுக்குப் படிக்கிறா,
பிறந்தநாள் பரிசு,
என் ஆள் வண்டியோட வந்து எடுத்துக்குவான்,
பணம் இப்பவே.
அடையாள அட்டையும் அனுப்பினான்:
சீருடை, அடர்ந்த மீசை, ஒரு பக்கம் சாய்ந்த தொப்பி.

கணியம்பாடி தாண்டி எங்கள் பக்கம்
பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத வீடுகளை
விரல்விட்டு எண்ணலாம்.
என் வீட்டுக்காரர் குணாளன் இப்போது தேஜ்பூரில்.
அந்தத் தொப்பியைக் கண்டால்
எனக்குக் கதவைத் திறக்கத்தான் தெரியும்.
அதைத் தெரிந்துகொண்டுதான் வந்தான்.
இல்லை, அவனுக்கு என்ன தெரியும்.
ஆயிரம் பேருக்கு வீசிய அட்டையில்
ஒன்று என் வாசலில் விழுந்தது.

ஒன்றுதான் நெருடியது,
பேரமே பேசவில்லை.
எங்கள் வீட்டுப் பட்டாளத்தார்
கேன்டீன் சோப்புக்கே நாலு கடை விலை விசாரிப்பார்.

முதல்ல அஞ்சு ரூபாய் போடுங்க, சோதனைக்கு,
பத்தா திருப்பித் தர்றேன்.
போட்டேன். பத்து வந்தது.
பிறகு கறுப்புக் கட்டங்கள் நிறைந்த ஒரு படம்.
ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க,
பணம் வந்து விழும்.
சீக்கிரம் மேடம், பரேடுக்கு நேரமாச்சு.

மூன்று எண் அடித்துவிட்டேன்.
நான்காவதற்கு முன் குக்கர் கத்தியது.
அடுப்பை அணைத்துவிட்டு வந்து
திரையைப் பார்த்தபோதுதான்
ஏழாயிரத்துக்கு மேலே
பொடி எழுத்தில் ஒரு சொல்:
செலுத்து.

உண்டியலில் காசு போட
யாராவது சாவி கேட்பார்களா?

துண்டித்தேன். ஆறு தடவை அழைத்தான்.
ஜெய்ஹிந்த் போய்
கேஸ் போடுவேன் என்று மாறியது குரல்.
1930க்குப் பேசி எண்ணைக் கொடுத்தேன்.
ராத்திரி குணாளனிடம் சொன்னால் சிரிக்கிறார்,
பட்டாளத்தான்னா கேள்வியே கேக்க மாட்டியா?
அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.
அட்டையில இருக்கறவன்தான் பாவம்,
எங்கேயோ சிம் வாங்கக் குடுத்த ஜெராக்ஸா இருக்கும்.

படத்தை அழிக்கப் போன விரல்
அந்த மீசை மேல் நின்றுவிட்டது.

பத்து நாள் கழித்து ஷாஹிதா.
பேரணாம்பட்டு, ஷூ கம்பெனியில் வேலை.
நாலாயிரத்து ஐந்நூறு என்று ஆரம்பித்தாள்.
அப்பாடா என்றிருந்தது.
ஆறில் நின்றோம்.
கிரீன் சர்க்கிள், பகல் பதினொன்று, டீக்கடை.
வாசிச்சுப் பாத்துதான் எடுப்பேன்க்கா.
காசைக் கையில வாங்கித்தான் குடுப்பேன்மா.

கொழுந்தன் ஏகாம்பரத்தை முன்னாலேயே அனுப்பி
எவனோ போலப் பேப்பர் படிக்கச் சொல்லியிருந்தேன்.
அவன் பக்கத்தில் ஹெல்மெட் கழற்றாத ஒருவன்.
ஷாஹிதா வந்து உட்கார்ந்து
அரை மணி கழித்துத்தான் கூப்பிட்டாள்,
அத்தீக், வா, பயமில்ல.
ஹெல்மெட் எழுந்தது.
அதற்குள் காவலர் இருவரும்
ஒரு பன்னைப் பாதியாகப் பிட்டு
மைலேஜ் பேசி முடித்திருந்தார்கள்.

கடைக்காரர் தன் சார்ஜரைப் பிடுங்கிப் பிளக் கொடுத்தார்.
அவள் பாட்டு எதுவும் வாசிக்கவில்லை.
அறுபத்தொரு கட்டையையும்
இடமிருந்து வலம் ஒவ்வொன்றாய் அழுத்தினாள்.
ஆற்காடு பஸ் ஹாரனுக்கு நின்று
மறுபடி தொடங்கினாள்.
ஒரு கறுப்புக் கட்டை
போனது, எழுந்து வரவில்லை.

இத நீங்க எழுதலியேக்கா.

எழுதவில்லை.
தெரியும். எழுதவில்லை.

ஐந்நூறு குறைத்துக்கொண்டேன்.
நாலு டீக்கும் நானே கொடுத்தேன்,
அதில் ஐந்து ரூபாய் அவனுடையது.